வலது பக்கத்துப் பெட்டி

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். முழங்கால் வலி ஒண்ணுதான் பாக்கி, அதுவும் அம்மாவோடது, அதனால நான் பூரண சுகம்னே எழுதியிருக்கலாம், ஆனா மேலே படிச்சா நீயே சிரிச்சுடுவே. நீயும் அங்கே சுகமா இருக்கணும், போன்ல சொல்ற சுகம் இல்லை, வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குற நிஜ சுகம். கையில போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதுக்குக் கடிதாசு எழுதுறார்னு நினைப்பே. காரணம் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை நீ அம்மாகிட்ட கேட்டியாமே, அப்பாவுக்கு என் மேல ஏதாவது கோபமா, போனை எடுத்தா ரெண்டு வார்த்தை பேசிட்டு இந்தா அம்மாகிட்ட பேசுன்னு தள்ளி விட்டுடுறார், நான் எதைச் சொன்னாலும் சரி சரின்றார்னு. அம்மா வந்து என்னை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டா, பெத்த பொண்ணுகிட்ட பேச என்ன வலிக்குதுன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உன் மேல எனக்குக் கோபமா? கண்ணாடிக் கடையில வேலை பார்க்குறவன் மூக்குக் கண்ணாடியையே மாடி ஜன்னல் வழியா வீசி எறிஞ்சுட்டுக் கையைத் தட்டினவ நீ, அன்னைக்கே வராத கோபம் இனிமேலா வரப் போகுது. விஷயமே வேற. அதைச் சொல்லணும்னா ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர்லேருந்து ஆரம்பிக்கணும். அப்பா சுத்தி வளைச்சுத்தான் வருவார்னு உனக்குத் தெரியாததா, பொறுமையாப் படி.

கடைக்கு ஒருத்தர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். நான் இன்னும் அதே கடையிலதான் இருக்கேன், முதலாளி மாறினார், நான் மாறல, எழுத்துப் பலகையைக் காட்டி இது தெளிவா அது தெளிவான்னு கேட்டுக்கிட்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கேன். வந்தவர் வீட்டைக் காலி பண்ணிட்டு மகன் வீட்டோட போய் இருக்கப் போறாராம், மகன் வீடு சின்னது, மருமகள் ஒரு பெட்டிக்கு மேல ஆகாதுன்னுட்டாளாம், அவர்கிட்ட இடுப்பு உயரத்துக்கு ரெண்டு மர ஸ்பீக்கரும் அதுக்கு ஏத்த ஆம்ப்ளிஃபையரும் இருக்கு, யாராவது வாங்குவாங்களான்னு கேட்டார். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும் நான். கல்யாணமான புதுசுல இந்த மாதிரி ஸ்பீக்கரை ஒரு கடை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், உன் அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டா, அந்த ஆசை உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்திருக்கு. மறுநாளே போய்ப் பார்த்தேன். சார் சும்மா சுவரே அதிரும்னார் அவர். நான் பெரிய வியாபாரி மாதிரி முகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு அவர் சொன்னதுல பாதி கேட்டேன், மனுஷன் வார்த்தையை நான் முடிக்கிறதுக்குள்ள எடுத்துக்கோங்கன்னுட்டார். அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்குற காசுக்கு ரெண்டு ஸ்பீக்கர்னு எனக்குத் தலைகால் புரியல. சின்ன வேன்ல ஏத்தி, மாடிக்குத் தூக்க ஆள் வெச்சு, அந்தக் கூலி ஸ்பீக்கர் விலையைத் தாண்டிடுச்சு, இதை அம்மாகிட்ட சொல்லிடாதே. கதவைத் திறந்த அம்மா ரெண்டையும் மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, எதுக்கு ரெண்டு பீரோ, நம்மகிட்ட இருக்குற துணிக்கு இருக்குற பீரோ போதாதான்னா.

முன்னாடி இருக்குற துணி மூடியைக் கழட்டினதும் என் முகத்துல ஈயாடல. பெரிய ஸ்பீக்கர்ல காகிதக் கூம்பு ஒண்ணு இருக்கும் பாரு, அதைச் சுத்தி ஒரு பஞ்சு வளையம் இருக்கணும், அந்த வளையம்தான் கூம்பைப் பிடிச்சுக்கிட்டு முன்னேயும் பின்னேயும் ஆட விடும். எனக்கு வந்ததுல வளையம் இருந்துச்சு, ஆனா விரலை வெச்சதும் டீயில ஊறின பிஸ்கட் மாதிரி கையோட வந்துடுச்சு. அந்தப் பெரியவர் என் காதுல நல்லாப் பூ சுத்திட்டார்னு முதல்ல கொதிச்சேன், அப்புறம் யோசிச்சா அவர் கண்ணாடி வாங்கவே என்கிட்ட வந்தவர், அவருக்கே தெரிஞ்சிருக்காது. சரி, தோத்துட்டேன்னு அம்மாகிட்ட ஒத்துக்க முடியுமா, வீடியோ பார்த்தேன். ஒருத்தர் சிரிச்ச முகமா பழைய வளையத்தைச் சுரண்டி, புது வளையத்தை ஒட்டி, கையைத் துடைச்சுக்கிட்டார். அவருக்கு எல்லாம் ஒரு பாட்டு முடியுற நேரத்துல ஆயிடுச்சு, எனக்கு ஹால் முழுக்கப் பேப்பர் விரிச்சு அம்மா தாண்டித் தாண்டிப் போற அளவுக்கு வாரக்கணக்கா ஓடுச்சு. புது வளையம் தபால்ல வரவழைச்சேன். பசை ஒட்டும்போது கூம்பு நட்டநடுவுல நிக்கணும், ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உள்ளே இருக்குற கம்பிச்சுருள் உரசிக் கரகரன்னும். மயிரிழை என்ன, என்னுது சாய்ஞ்சே நின்னுச்சு. கரகரன்னு பாட்டு வந்ததும் கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்து, மிக்ஸி ரிப்பேரான்னு அக்கறையா விசாரிச்சுட்டுப் போனாங்க. மறுபடி சுரண்டி, மறுபடி ஒட்டி, அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்து, என் சுட்டுவிரலும் கூம்போட சேர்ந்து ஒட்டிக்கிச்சு. அம்மாதான் வெந்நீர் வெச்சு விடுவிச்சா, விடுவிச்சுக்கிட்டே இந்தக் கை எதை ஒட்டினாலும் மறுநாளே பிய்ஞ்சுக்கிட்டு வருமே, இது மட்டும் எப்படி ஒட்டிச்சுன்னா.

அப்புறம் மூடித் துணி. பழசு கிழிஞ்சு தொங்குது, சத்தம் போற மாதிரி மெல்லிசுத் துணி வேணும். ஹால் ஜன்னல் திரைச்சீலை நல்ல மெல்லிசு, கீழே தரையில புரண்டுக்கிட்டுத்தான் இருக்கு, அடியில கொஞ்சம் வெட்டினா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். ரெண்டு மூடிக்கு எவ்வளவு துணி வேணும்னு வெட்டி முடிச்ச அப்புறம்தான் கணக்குத் தெரிஞ்சுது. இப்போ நம்ம திரைச்சீலை அரை டிராயர் போட்டுக்கிட்டு நிக்குது, எதிர் மாடிக்காரங்களுக்கு நம்ம வீட்டுச் செருப்பு வரைக்கும் தெரியுது. அம்மா அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்தா எனக்கு எவ்வளவு பயம்னு உனக்குத் தெரியும். முதல் தடவை ரெண்டையும் சேர்த்துப் போட்டப்போ அடிக்குரல் சத்தமே வரல, மேளம் அடிச்சா அட்டைப் பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கு. ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் ஒயரைத் தலைகீழா மாட்டியிருக்கேன், ஒண்ணு மூச்சை இழுக்கும்போது இன்னொண்ணு விடுது, அதனால ஒண்ணு போடுற சத்தத்தை இன்னொண்ணு அமுக்கிடுது. இதை அம்மாவுக்கு விளக்கமா சொன்னேன். கேட்டுட்டு, நம்ம குடும்பம் மாதிரின்னு சொல், புரியுதுன்னா. ஒயரை மாத்தினதும் நிஜமாவே சுவர் அதிர்ந்துச்சு, டீச்சர் துடைப்பக் கட்டையால அவங்க கூரையைத் தட்டினாங்க, எனக்கு அது கைதட்டல் மாதிரியே இருந்துச்சு.

இதோட நிறுத்தியிருந்தா இந்தக் கடிதாசே இல்லை. உட்கார்ந்து ரசிச்சுக் கேட்கும்போதுதான் கவனிச்சேன், வலது பக்கத்துப் பெட்டி மந்தமா இருக்கு. இடது பக்கம் ஜால்ரா ஜில்லுன்னு வருது, வலது பக்கம் யாரோ வாயைத் துணியால மூடின மாதிரி இருக்கு. ஒவ்வொரு பெட்டியிலேயும் மேலே மெல்லிசு சத்தத்துக்குன்னு ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், அதுதான் போயிடுச்சுன்னு நினைச்சேன். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்கச் சொன்னேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குன்னா. நான் சிரிச்சேன் வாலு. உனக்குக் காது பழகலே, இதுக்கெல்லாம் ஒரு ஞானம் வேணும்னு சொன்னேன். அவ போய் உளுந்தோ என்னமோ ஊற வெச்சா. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குப் போற சத்தத்தை வடிகட்டுற கெப்பாசிட்டரை மாத்தினேன், மந்தம் போகல. சின்ன ஸ்பீக்கரையே மாத்தணும்னு, அதே ரகத்துல அடிபட்ட பெட்டி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு உதிரிக்குன்னு வாங்கிக்கிட்டு வந்தேன், மூணாவது பீரோன்னு அம்மா வாசல்லேயே தலையில அடிச்சுக்கிட்டா. அதையும் மாட்டியாச்சு, அப்பவும் மந்தம். பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வைக்கணும், மந்தம் பெட்டியோட கூடவே போனா பெட்டியில கோளாறு, அதே பக்கத்துல நின்னா வேற எங்கேயோ கோளாறு. தம் கட்டித் தள்ளி மாத்தினேன். மந்தம் வலது பக்கத்துலேயே நிக்குது. அப்போ ஆம்ப்ளிஃபையர்தான்னு அதோட ஒயரை இடவலமா மாத்தினேன். வலது பக்கமேதான். சுவர் சத்தத்தைக் குடிக்குதுன்னு பீரோவை, நிஜ பீரோவை, நகர்த்தினேன். சோபாவை நகர்த்தினேன். அரை டிராயர் திரைச்சீலையைக் கழட்டினேன். இத்தனைக்கும் அம்மா ஒரே வார்த்தைதான், ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது, ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குதுன்னு.

ஒரு நாள் சாயங்காலம் பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, பின்னாடி கை தவறின ஒரு திருகாணியைத் தேட நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மந்தம் இடது பக்கத்துப் பெட்டிக்கு மாறிடுச்சு. எனக்கு ஒரே குஷி, ஆஹா, பழுது நகருது, பிடிச்சுட்டேன்டான்னு தொடையில தட்டினேன். தட்டின கை அப்படியே நின்னுச்சு. பெட்டியும் மாறல, ஒயரும் மாறல, அங்கே திரும்பினது நான் ஒருத்தன்தான். நேரா உட்கார்ந்தேன், மந்தம் வலது பெட்டியில. திரும்பினேன், இடது பெட்டியில. கோமாளி மாதிரி நாற்காலியைச் சுத்திச் சுத்திப் போட்டுக்கிட்டிருந்தேன். அம்மா வந்து, என்ன, பாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தா இன்னும் நல்லா இருக்குமான்னா. எனக்குக் காது கேக்கலைன்னு சொன்னேன். அவ முதல்ல சிரிச்சா, நல்லாச் சிரிச்சா, ஞானம்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அப்புறம் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, எனக்கு ஒரு வருஷமாவே தெரியும், பின்னாடி நின்னு கூப்பிட்டா நீங்க திரும்புறதே இல்லைன்னா. ஏன்டி சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா கேட்டிருப்பீங்களான்னா. அவ எந்த அர்த்தத்துல சொன்னாளோ, நான் எழுந்து பாட்டை நிறுத்திட்டேன்.

காது டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. சின்ன வயசுப் பொண்ணு, உன் வயசு இருக்கும், நல்ல மரியாதை. ஒரு அடைச்ச ரூம்ல உட்கார வெச்சு, காதுல ஒரு ஹெட்ஃபோனை மாட்டி, கையில ஒரு பொத்தானைக் குடுத்து, சத்தம் கேட்டா அழுத்துங்கன்னாங்க. எனக்கு இந்த வித்தையெல்லாம் அத்துப்படி. எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்து கடகடன்னு ஒப்பிக்கிறவங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். அதனால ஒரு உத்தேசமா, இப்போ சத்தம் வரணும், இப்போ வரணும்னு அழுத்திக்கிட்டே இருந்தேன். டாக்டர் கதவைத் திறந்து, சார் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேன்னாங்க. அம்மா வெளியே முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. முடிவு இதுதான், வலது காதுல மெல்லிசு சத்தமெல்லாம் போயே போச்சு, இடது காது பாதி தேறும். நரம்பு தேய்ஞ்சது, திரும்ப வராது, மெஷின் வெச்சா நல்லாக் கேட்கலாம்னாங்க. நான் பார்க்கலாம், இப்போ அவசரமில்லைன்னு எழுந்துட்டேன். வாழ்நாள் முழுக்க, கண்ணு மங்குறது குத்தமில்லை, கண்ணாடி போடாம சுவத்துல முட்டிக்கிறதுதான் குத்தம்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்து வித்தவன் நான். திரும்பி வர்ற வழியெல்லாம் அம்மா அந்தப் பாடத்தை எனக்கே ஒப்பிச்சுக்கிட்டு வந்தா, அதுவும் இடது பக்கமா நடந்து.

இப்போ புரியுதா? நான் போனை எப்பவும் வலது காதுலதான் வெப்பேன். நீ பேசுறது பக்கத்து வீட்டுல ரேடியோ ஓடுற மாதிரி வரும், நீதான்னு தெரியும், சிரிக்கிறேன்னு தெரியும், என்ன சொல்றேன்னு தெரியாது. உன் போன் மட்டம்னு நினைச்சேன், லைன் சரியில்லைன்னு நினைச்சேன், அங்கே போய் வேகமாப் பேசக் கத்துக்கிட்டேன்னு நினைச்சேன், என் காதைத் தவிர உலகத்துல எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். ரெண்டு தடவைக்கு மேல என்ன என்னன்னு கேட்க வெட்கம். அதனாலதான் சரி சரின்னுட்டு அம்மா கையில போனைத் திணிச்சேன். கோபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே, பஸ்ல காதுல மாட்டிக்கிட்டுச் சத்தமாப் பாட்டு கேட்காதே, காதைப் பத்திப் புத்தி சொல்ல இப்போ அப்பாவுக்குத் தகுதி வந்துடுச்சு.

மேலே எழுதினது முந்தாநாள். அப்படியே ஒட்டி அனுப்பிடலாம்னு இருந்தேன், நேத்து ஒரு விஷயம் நடந்துடுச்சு, அதனால அதே கடிதாசுலேயே தொடர்றேன். முந்தாநாள் எழுதினதை, கூலிக் கணக்கு இருக்குற தாளை மட்டும் எடுத்துட்டு, அம்மாகிட்ட படிக்கக் குடுத்தேன். படிச்சுட்டு, சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சுட்டு, அப்போ அவ போன்ல பேசிப் பேசிப் பதிவு பண்ணி உங்களுக்கு அனுப்புவாளே, அதையெல்லாம் நீங்க கேட்டீங்களா இல்லையான்னா. காதுல வெச்சுக் கேட்டேன், சாராம்சம் புரிஞ்சுதுன்னேன். அவ பார்த்த பார்வையில எனக்கு ஒரு யோசனை வந்துச்சு, போனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல ஒரு ஒயரைப் போட்டா நீ பேசினது இந்தப் பெட்டியில வருமே, இத்தனை நாள் ஏன் தோணலை. ஒயரை மாட்டி, பெட்டி முன்னாடி நாற்காலியைப் போட்டு, இடது காதைக் குடுத்து உட்கார்ந்தேன். உன் குரல் வந்துச்சு வாலு. நீ எதிர்ல உட்கார்ந்து பேசுற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும். மழையில குடை திரும்பிக்கிட்டது, பக்கத்து ரூம் பொண்ணு உன் தட்டை உடைச்சது, எல்லாத்தையும் புதுசாக் கேட்டேன். அம்மா சமையல்கட்டுலேருந்தே சிரிக்கிறா. பார்த்தியா பெட்டியோட மகிமையைன்னு நான் இன்னும் கொஞ்சம் சத்தத்தை ஏத்தினேன். அடுத்தது கொஞ்சம் நீளமானது. அப்பா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு நீ ஆரம்பிச்சே.

பதறிப் போய் சத்தத்தைக் குறைக்கிறேன்னு அந்தப் பெரிய திருகைப் பிடிச்சேன், அவசரத்துல எதிர்ப்பக்கமாத் திருப்பிட்டேன். மாடி முழுக்கக் கேட்டுச்சு. வேலை போயிடுச்சு, இங்கே எல்லார்கிட்டேயும் நானா விட்டதாச் சொல்லிக்கிட்டிருக்கேன், ஆனா போகச் சொல்லிட்டாங்க, கதவைத் திறந்து வெளியே போகவே பிடிக்கலை, கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருந்துக்கட்டுமாப்பா, காரணம் எதுவும் கேட்காதீங்க, வான்னு மட்டும் சொல்லுங்க போதும்னு. அதுக்கப்புறம் நீ உடனே அணைக்கல, மூக்கை உறிஞ்சினது கேட்டுச்சு. அம்மா ஈரக்கையோட வந்து நின்னா. மறுபடியும் போடுங்கன்னா. போட்டேன். தரையில அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து முழுக்கக் கேட்டா. கீழ்வீட்டு டீச்சர் கூட அன்னைக்குக் கட்டையால தட்டல. அப்புறம் அம்மா, இதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்கன்னு கேட்டா. எனக்கு நினைவே இல்லை, போனை வாங்கி அவளே பார்த்தா. அந்தச் சமயம் நீ எனக்குப் புது ஸ்பீக்கர் வாங்கி அனுப்பணும்னு ஆசைப்படுறேன்னு அம்மா சொல்லியிருந்தா, நீ ஏதோ நீளமாப் பேசினதும் அதுவாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டுப் பதில் போட்டிருக்கேன். அதெல்லாம் வேண்டாம்மா, இப்போ எதுக்கு, வீண் செலவு, இருக்குறதை வெச்சு சமாளிச்சுக்கணும்னு. கீழே ஒரு கும்பிடு படம். என் கண்ணால படிச்சேன். கண்ணாடி போட்ட என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மா உனக்கு உடனே போன் போட்டா. நான் பக்கத்துல நின்னு அவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன், எனக்குக் கேட்குறது அவ்வளவுதானே. வேற ஒரு இடத்துல தற்காலிகமா வேலை கிடைச்சுடுச்சு, இப்போ பரவாயில்லை, அது பழைய கதை, அப்பா சொன்னதும் சரிதான்னு நீ சொன்னியாம். நான் வா வான்னு எழுதி அனுப்பினதுக்கும் பார்க்கலாம்ப்பான்னு ஒரு வரி போட்டிருக்கே. அப்பா சொன்னது சரி இல்லை வாலு. அது அப்பா சொன்னதே இல்லை. இத்தனை மாசமா நீ தனியா ஒரு ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, வீட்டுலேயே வேண்டாம்னுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு, அப்படியும் வாராவாரம் போன் பண்ணி அம்மாவோட முழங்காலை விசாரிச்சிருக்கே. எனக்கு அழுகை வந்துடுச்சு, ஹால்லேயே அழுதேன். அம்மா இந்தப் பெட்டியையும் உங்களையும் ஒண்ணாக் கட்டி அந்தப் பெரியவர் மகன் வீட்டுல இறக்கிட்டு வரணும்னு திட்டினா, திட்டிக்கிட்டே அவளும் அழுதா.

அதனால நீ கேட்டதுக்குப் பதில் இதோ, உன் அப்பா முழுசாக் கேட்டுட்டுத் தன் கைப்பட எழுதுறது. வா. வேலை இருந்தாலும் வா, இல்லைன்னாலும் வா. ஒரு வாரம் இருந்தாலும் சரி, ஒரு வருஷம் இருந்தாலும் சரி, உன் வீட்டுக்கு வர நீ யாரையும் கேட்க வேண்டாம், காரணம் கேட்கவும் மாட்டோம். அம்மாவுக்குத் துருவுற சுபாவம் உண்டு, அவகிட்ட நான் சொல்லி வெச்சிருக்கேன், கேட்பாளான்னு உத்தரவாதம் இல்லை. உன் ரூம்ல அந்த உதிரிப் பெட்டியையும் பசை டப்பாவையும் போட்டு வெச்சிருந்தேன், காலையிலேயே எல்லாத்தையும் வெளியே தள்ளிக் கூட்டித் துடைச்சாச்சு, மெத்தை மாடியில வெயில்ல கிடக்கு. டிக்கெட்டுக்கு யோசிக்காதே, எப்போன்னு மட்டும் சொல், மத்ததை நாங்க பார்த்துக்குறோம். மெஷினுக்கும் டாக்டர்கிட்ட போய்க் காதை அளவு குடுத்துட்டு வந்துட்டேன், இந்தத் தடவை பொத்தானை ஒழுங்கா அழுத்தினேன். அது வந்து சேர நாளாகும்னாங்க, அதுக்காக நீ காத்திருக்காதே.

நல்லா இரு, தைரியமா இரு, எந்தக் கதவையும் உன் முகத்துல யாரும் சாத்தாம இருக்கணும்னு வேண்டிக்கிறேன். அம்மா உன் நெத்தியில ஒரு முத்தம் எழுதச் சொன்னா, எழுதிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துடாதே. கூட்டிக்கிட்டு வர நானேதான் வருவேன். நீ இறங்கி வெளியே வந்ததும் உன் பெட்டியை என் வலது கையில குடுத்துட்டு, நீ எனக்கு இடது பக்கமா வா. வீடு வந்து சேர்ற வரைக்கும் நீ பேசிக்கிட்டே வா, நான் கேட்டுக்கிட்டே வர்றேன்.

உன்னை எதிர்பார்த்துக்கிட்டு,
அப்பா